ஒரு குச்சி குறைவு

"விசிறி ஒன்று. தந்தம். மடிப்பது.
ஒரு குச்சி குறைவு."
ஏலப் பட்டியலில் அவ்வளவுதான்,
மீன் அரியும் கத்திக்கும்
மூக்குடைந்த தேநீர்க் கெண்டிக்கும் நடுவில்.
தரங்கம்பாடி, மே மாதம், 1791.
கிடங்குக் கணக்கர் லூண்ட் பேதியில் செத்த எட்டாம் நாள்
அவர் மனைவி மாரெனின் பெட்டிகளையும் சேர்த்தே
கூவி விற்றார்கள்.

நான் அதைத் தமிழாக்கி அட்டையில் ஏற்றுகிறேன்.
கோட்டைக்குள் மூன்றாம் அறை. அட்டைக்கு ஒன்பது ரூபாய்.
பதினோரு மணிக்குப் போன கரண்ட்
ஒன்றரைக்கும் வரவில்லை.
விசிறி கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது,
காற்றுப் படக்கூடாதாம்.
கத்தியின் அட்டையால் விசிறிக்கொண்டே
விசிறியின் அட்டையை எழுதுகிறேன்.

மாரென் இதால் காற்று வாங்கியிருக்க முடியாது.
வெங்காயச் சருகு போல இழைத்த ஆட்டுக்குட்டித் தோல்,
இந்த உப்புக்காற்றில் நாலு வீச்சில் மடிப்போடு பிளக்கும்.
காற்று வேறு வழியாக வந்தது:
உத்தரத்தில் துணிப் பங்கா,
சுவரில் ஓட்டை, ஓட்டைக்குள் கயிறு,
கயிற்றின் மறுமுனையை
கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு ஒருவன்.
சம்பளக் கணக்கில் அவன் பெயர் 'இழுப்பவன்'.
அவன் இழுக்க,
அவள் விசிறியைத் திறந்தாள், மூடினாள்.
திறக்கும்போது ஒரு சத்தம் வரும்.
சீட்டாடுகிறவர்கள் தலை நிமிர்வார்கள்.
அந்தச் சத்தத்துக்குத்தான் அத்தனை தந்தம்.

அதிகாரி ரெங்கபாஷ்யம் எட்டிப் பார்த்தார்.
"வலது கன்னத்துல வெச்சா சரி, இடதுல வெச்சா மாட்டேன்.
விசிறி பாஷை! போர்டுல போடுங்க, டூரிஸ்டுக்குப் பிடிக்கும்."
சார், அது இவங்க செத்து ரொம்ப நாள் கழிச்சு
விசிறிக் கடைக்காரர் வியாபாரத்துக்கு அச்சடிச்ச நோட்டீஸ் சார்.
அவர் கழுத்தைத் துடைத்தார்.
"பரவால்ல, போடுங்க."

தோலில் ஓர் ஓவியம். ஆடு மேய்க்கிறார்கள்.
சேறு இல்லை, புழுக்கை இல்லை,
பின்னங்கால் மடங்கும் திசையைப் பார்த்தால்
வரைந்தவன் ஆட்டைக் கண்டவனே இல்லை.
மேய்ப்பவளின் பாவாடையை மட்டும்
எதையோ பக்கத்தில் வைத்துப் பார்த்து வரைந்திருக்கிறான்.
வெள்ளைப் பருத்தியில் சிவப்புப் பூ,
பூவுக்குள் இன்னொரு பூ,
கொடி இடப்பக்கமாகச் சுழிகிறது.

இரண்டு பணத்துக்கு ஏலம் எடுத்தவர்
பொறையாறு துணி வணிகர் சிற்றம்பலச் செட்டி.
இனி நான் சொல்வது அட்டையில் ஏறாது.
பனைவிசிறி காசில்லாமல் கிடைக்கும் ஊரில்
செட்டிக்கு இது எதற்கு?
பிரித்துப் பார்த்திருப்பார்.
கட்டைவிரல் நகத்தளவுப் பாவாடை.
அது அவர் சரக்கு.
ஆடியில் வீரசோழனாற்றில் புதுத்தண்ணி வந்ததும் அலசிய
சாயவேர்ச் சிவப்பு.
சாயக்காரன் மருதை இடக்கைக்காரன்,
அவன் கொடி அப்படித்தான் சுழியும்.
சுழி தப்பு என்று சொல்லித்தான்
பதினைந்து வருஷம் முன்னால்
நூறு உருப்படிக்கு விலையைக் குறைத்தது கம்பெனி.

அந்தத் தப்பு கப்பலேறி
எவளோ ஒருத்திக்குப் பாவாடையாகி
அந்தப் பாவாடை ஓவியமாகி
அந்த ஓவியம் கணக்கர் மனைவியின் கையில் மடிந்து
திரும்ப இந்தக் கரைக்கே வந்திருக்கிறது.
முழு விலைக்கு.

மறுநாள் காலை
விசிறியைத் துண்டில் சுற்றிக்கொண்டு
செட்டி கோட்டை வாசலில் நின்றிருப்பார்,
மிச்சப் பணம் கேட்க.

என்ன சொன்னார்கள் என்பதற்கு ஏடு இல்லை.
விசிறி கோட்டைக்குள் இருக்கிறது,
ஆகவே அவர் உள்ளே போயிருக்கிறார்.

கரண்ட் வந்தது.
மேலே மின்விசிறி முனகிச் சுழல
அட்டைகள் பறக்கின்றன, மேசை முழுக்க.
கையூன்றி அமுக்கிக்கொண்டு
பேழைக்கு வெளியிலிருந்து இன்னொரு முறை எண்ணினேன்.
மடிப்புக்கு ஒன்றாகப் பதினெட்டு இருக்க வேண்டும்.
பட்டியல்படி பதினேழு.

இருப்பது பதினாறு.